புகை மட்டும் தெரிந்த ஊர்: கன்சாஸின் நிக்கோடெமஸ் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 சாலைக்கதிர்

போன வாரம் கன்சாஸ் சிட்டியிலிருந்து டென்வர் வரைக்கும் காரில் போனேன். எல்லாரும் போகிற ஐ-70 அலுத்துப்போனதால் வடக்கே ஒதுங்கி 24ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தேன். ஸ்டாக்டன் தாண்டி ஹில் சிட்டிக்குப் போகிற வழியில், இரண்டு பக்கமும் அறுத்து முடித்த கோதுமைத் தாளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத இடத்தில் திடீரென்று ஒரு பலகை, நிக்கோடெமஸ் தேசிய வரலாற்றுத் தலம் என்று. வண்டியைத் திருப்பினேன்.

உள்ளே போனால் சில வீடுகள், ஒரு கல் கட்டடம், இரண்டு பழைய தேவாலயங்கள், பூட்டிய ஒரு பள்ளிக்கூடம். அவ்வளவுதான் ஊர். நான் போனபோது பொழுது சாய்ந்துவிட்டது, பார்வையாளர் மையத்தை மூடியிருந்தார்கள், விசாரிக்கத் தெருவில் ஒரு ஆள் கிடையாது. அந்தக் கல் கட்டடத்தின் சுவரில் கை வைத்துப் பார்த்தேன், வெயில் இறங்கி அரை மணி நேரம் ஆகியும் சுண்ணாம்புக்கல் சுட்டுக்கொண்டிருந்தது. வாசல் பக்கம் 1939 என்று எழுதியிருந்தது. அடுத்த பலகையில் 1877இல் கறுப்பின மக்கள் உருவாக்கிய குடியேற்றம் என்று இரண்டு வரி. அதைப் படித்த பிறகு டென்வர் வரைக்கும் வேறெதுவும் மனதில் ஓடவில்லை.

செல்போன் வரைபடத்தில் தேடினால் 'அன்இன்கார்ப்பரேட்டட்' என்று போட்டிருக்கிறது, மக்கள்தொகை 14. பதினான்கு பேர் இருக்கிற ஊருக்குத் தேசிய அளவில் அங்கீகாரம் என்றால் பின்னால் பெரிய கதை இருக்க வேண்டும். கன்சாஸ் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.

#2 குயில்தோப்பு

பெயரைப் பார்த்ததும் யோவான் சுவிசேஷத்தில் இரவில் இயேசுவைத் தேடி வந்த நிக்கொதேமுதான் ஞாபகம் வந்தார். 'ஒருவன் மறுபடியும் பிறவாவிட்டால்' என்ற வசனம் அவரிடம் சொன்னதுதானே. அடிமைத்தனத்திலிருந்து வந்தவர்கள் மறுபிறப்பை நினைத்து வைத்த பெயரா?

#3 மேகலை_கன்சாஸ்

குயில்தோப்பு தம்பி, கேட்கும்போதே மனதுக்கு நிறைவான விளக்கம்தான், ஆனால் பரவலாகச் சொல்லப்படுவது வேறு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, பின்னாளில் தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கிய நிக்கோடெமஸ் என்றொரு மனிதரின் கதை அந்தக் காலத்தில் கறுப்பின மக்களிடையே வழங்கியது, அவர் நினைவாகத்தான் பெயர் வைத்தார்கள் என்பார்கள். வேதத்தில் வருகிற பெயரும் அவர்கள் காதில் ஒலித்திருக்கும், தேவாலயத்தை விட்டு ஒரு நாளும் விலகாத மக்கள் அவர்கள்.

நான் மன்ஹாட்டனில் இருக்கிறேன் (நியூயார்க் இல்லை, கன்சாஸ் மன்ஹாட்டன்). இருபது வருடத்தில் நாலு தடவை நிக்கோடெமஸ் போயிருக்கிறேன். சாலைக்கதிர் கேட்டதால் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அங்கே வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் கென்டக்கிக்காரர்கள், ஜார்ஜ்டவுன், லெக்சிங்டன் சுற்றுவட்டாரம். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. உள்நாட்டுப் போரில் கென்டக்கி பிரிந்து போகாத மாநிலம், அதனால் பிரிந்துபோன மாநிலங்களுக்கு மட்டும் போட்ட லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனம் அங்கே செல்லவே செல்லாது. 1865 டிசம்பரில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்த பிறகுதான் அங்கிருந்த அடிமைகளுக்கு விடுதலை. அப்படியானால் 1877இல் கிளம்பியவர்களுக்குச் சுதந்திரம் கிடைத்துப் பன்னிரண்டு வருடம்கூட ஆகவில்லை. அந்தப் பன்னிரண்டு வருடமும் அவர்கள் உழுதது அடுத்தவர் நிலம்.

கன்சாஸ் என்றால் அவர்களுக்கு அடிமை முறையை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுன் போராடிய மண், அடிமை முறை கூடாது என்று சொல்லி 1861இல் ஒன்றியத்தில் சேர்ந்த மாநிலம். 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கரைப் பதிவு செய்து, ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் பட்டா. டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார மனை வியாபாரியும் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரும் இன்னும் சிலரும் சேர்ந்து 1877 ஏப்ரலில் ஊர்க் கம்பெனி ஒன்று தொடங்கி, கென்டக்கி தேவாலயங்களில் போய்ப் பேசினார்கள். லெக்சிங்டனில் அச்சடித்த நோட்டீஸ் ஒன்று இன்றும் இருக்கிறது: செப்டம்பர் 5 அன்று கன்சாஸ் போக விரும்பும் கறுப்பின மக்கள் ஐந்து டாலருக்குப் போகலாம் என்று.

முந்நூறு பேருக்கு மேல் கிளம்பினார்கள். ரயில் எல்லிஸ் என்ற ஊர் வரைக்கும்தான். அங்கிருந்து வடக்கே சுமார் 55 கிலோமீட்டர், பாதை கிடையாது, இரண்டு நாள் பயணம். அடுத்த வசந்தத்தில் வந்த இன்னொரு கூட்டத்தில் எல்லிஸிலேயே குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டு சில குழந்தைகள் இறந்துபோயின. புதைத்துவிட்டு நடந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் வில்லியானா ஹிக்மன் வந்தார், போதகர் டேனியல் ஹிக்மனின் மனைவி. அவர் பின்னாளில் சொன்னது பதிவாகியிருக்கிறது. வண்டியில் வந்துகொண்டிருக்கும்போது ஆண்கள் "அதோ நிக்கோடெமஸ்" என்று கூவுகிறார்கள். உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தவர் சந்தோஷமாக எழுந்து பார்க்கிறார், ஊரைக் காணோம். எங்கே என்று கணவரைக் கேட்கிறார். அவர் தரையிலிருந்து அங்கங்கே எழும்பிய புகையைக் காட்டி, அதுதான் நிக்கோடெமஸ் என்கிறார். ஜனங்கள் மண்ணைக் குடைந்து அதற்குள் குடியிருந்தார்கள். அந்த அம்மா அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டார்.

#4 தீக்குச்சி

அக்கா எழுதியதைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கோபமும் வருகிறது. மண்ணுக்குள் குடியிருக்கிற இடத்தை ஊர் என்று நோட்டீஸ் அடித்து, காசு வாங்கி, ஏதுமறியாத மக்களை அழைத்து வந்தது பச்சை மோசடி இல்லையா? ஹில் என்ற ஆளை நல்ல விதமாகவே எழுதிவிட்டீர்களே. பக்கத்தில் ஹில் சிட்டி என்று ஊர் இருப்பதாகச் சாலைக்கதிர் எழுதியிருக்கிறார், அது இந்த ஆள் பெயரா?

#5 மேகலை_கன்சாஸ்

ஆமாம் தீக்குச்சி, அதே ஹில்தான். பக்கத்திலேயே தன் பெயரில் இன்னொரு ஊர் போட்டார், கிரஹாம் கவுன்ட்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) தலைநகர் இன்று அதுதான், 1,400 பேர் அளவில் இருக்கிறார்கள். அவரை நல்லவர் என்று நான் சொல்லவில்லை. முதல் கூட்டம் வந்து இறங்கி இடத்தைப் பார்த்ததும் கொதித்துப்போய் அவரைத் தூக்கில் போடவே சிலர் கிளம்பினார்கள், ஆள் ஒளிந்து தப்பித்தார் என்பது அந்த ஊரில் இன்றும் சொல்லும் கதை. வந்த வேகத்திலேயே பல குடும்பங்கள் திரும்பிப் போய்விட்டன.

ஆனால் வந்தவர்களை 'ஏதுமறியாத மக்கள்' என்று நீங்கள் எழுதியதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊர்க் கம்பெனியில் ஹில் தவிர மற்றவர்கள் கறுப்பின மக்கள்தான், தலைவரே ஸ்மித் போதகர்தான். ஏமாற்றம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் தங்கியவர்கள் ஏமாந்ததால் தங்கவில்லை. திரும்பிப் போனால் மறுபடி அடுத்தவன் நிலம், இங்கே குழிக்குள் படுத்தாலும் குழி தன்னுடையது. அந்த ஒரு கணக்குதான்.

#6 நெல்மணி

விவசாயக் குடும்பத்துக்காரன் என்பதால் கேட்கிறேன். கென்டக்கி நல்ல மழை பெய்கிற இடம், காடு உண்டு. மேற்குக் கன்சாஸ் 100ஆவது தீர்க்கரேகையை ஒட்டிய பகுதி, மழை அதில் பாதிகூட வராது, மரமே கிடையாது. கருவி, மாடு, குதிரை எதுவும் இல்லாமல் அந்தப் புல்தரையை எப்படி உடைத்தார்கள்? புல்வேர் ஆழமாகப் பின்னிக் கிடக்கும், நல்ல ஏரே திணறும்.

#7 மேகலை_கன்சாஸ்

மண்வெட்டியால் வெட்டினார்கள் நெல்மணி. ஊர் முழுவதற்கும் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் குதிரை. அவர்கள் வந்து சேர்ந்தது செப்டம்பர், விதைக்கும் பருவமும் இல்லை, குளிர் கதவைத் தட்டுகிறது. சாலமன் ஆற்றின் தென்கிளைக்கு மேலே இருக்கிற சரிவைக் குடைந்து, முன்பக்கம் புல்வேரோடு பெயர்த்த மண்கட்டியை அடுக்கிச் சுவர் வைத்து, மேலே கிளை போட்டு மண் பூசினார்கள். மரம் இல்லாததால் அடுப்பெரிக்க ஆற்றோர வில்லோ புதர்க் குச்சி, காய்ந்த சூரியகாந்தித் தண்டு, வறட்டி. ஆண்கள் எல்லிஸுக்கும் அதற்கு அப்பாலும் நடந்து போய் ரயில் பாதையிலும் பண்ணைகளிலும் கூலி வேலை பார்த்துக் காசு கொண்டுவந்தார்கள், பெண்கள் குழிவீட்டில் பிள்ளைகளோடு குளிரைத் தள்ளினார்கள். என்னைக் கேட்டால் அந்த முதல் குளிர்காலத்தில் ஊரைத் தாங்கியது அந்தப் பெண்கள்தான்.

ஓசேஜ் பழங்குடி மக்கள் வேட்டை முடித்துத் திரும்புகிற வழியில் தங்களிடம் இருந்த உணவில் பங்கு கொடுத்துவிட்டுப் போனதால்தான் அந்தக் குளிர்காலம் கடந்தது என்று ஊரின் வாய்மொழி வரலாறு சொல்கிறது.

#8 தீக்குச்சி

அக்கா சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன், 'ஏதுமறியாத' என்ற சொல் தப்பு. ஆனால் ஓசேஜ் என்றதும் இன்னொன்று உறுத்துகிறது. ஹோம்ஸ்டெட் சட்டம் இலவசமாகக் கொடுத்த 160 ஏக்கர் யாருடையது? அந்தச் சமவெளியில் செயென், அரப்பாஹோ, பாவ்னி, கான்சா மக்கள் வேட்டையாடித் திரிந்தார்கள். 1867 மெடிசின் லாட்ஜ் ஒப்பந்தம் எழுதி செயென், அரப்பாஹோ மக்களைத் தெற்கே தள்ளிவிட்டு, பத்தே வருடத்தில் அங்கே பட்டா. மாநிலத்தின் பெயரே கான்சா மக்களின் பெயர், அவர்களை 1873இல் ஓக்லஹோமா பக்கம் அனுப்பிவிட்டார்கள். நிலம் பறிக்கப்பட்டவர்கள் வந்து, நிலமே இல்லாமல் இருந்தவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் இந்த ஊரின் கதையைச் சொல்லக்கூடாது என்று நினைக்கிறேன்.

#9 சாலைக்கதிர்

சரியாகச் சொன்னீர்கள் தீக்குச்சி, நான் அங்கே நின்றபோது அந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை.

எனக்கு இன்னும் பிடிபடாதது நடுப்பகுதி. குழிவீட்டில் தொடங்கியவர்கள் எந்த அளவுக்கு வந்தார்கள், அப்புறம் எப்படிப் பதினான்கு பேரானார்கள்? 1930களின் புழுதிப் புயல் காலத்தில் போனதா?

#10 மேகலை_கன்சாஸ்

புழுதிப் புயலுக்கு ஐம்பது வருடம் முன்பே சரிவு தொடங்கிவிட்டது சாலைக்கதிர். காரணம் ரயில்.

1880களின் நடுவில் அது களைகட்டிய ஊர். ஃபிளெட்சர் குடும்பம் நடத்திய செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டல், தபால் நிலையம், மளிகைக் கடைகள், வங்கி, பேஸ்பால் அணி, ஐஸ்கிரீம் கடை எல்லாம் உண்டு. இரண்டு பத்திரிகை வந்தது. ஒன்று வெஸ்டர்ன் சைக்ளோன், 1886இல் தொடங்கியது. இன்னொன்று நிக்கோடெமஸ் என்டர்பிரைஸ், 1887இல். பத்து வருடம் முன்பு தரையிலிருந்து புகை மட்டும் வந்த இடத்தில் இரண்டு அச்சகம்! கறுப்பின மக்களும் வெள்ளையர்களும் அடுத்தடுத்துக் கடை வைத்திருந்தார்கள், அந்தக் காலத்துக்கு அது சாதாரணம் இல்லை.

1878இல் இங்கே வந்து குடியேறிய எட்வர்ட் மெக்கேப் என்ற இளைஞர் 1882 தேர்தலில் கன்சாஸ் மாநிலத் தணிக்கையாளராக ஜெயித்தார், 1884இல் மறுபடியும். அடிமை முறை ஒழிந்து இருபது வருடம்கூட ஆகாத நிலையில் ஒரு கறுப்பினத்தவர் மாநிலம் முழுவதும் ஓட்டு வாங்கிப் பதவிக்கு வருகிறார், அதுவும் புல்வெளிக் குடியேற்றம் ஒன்றிலிருந்து. பின்னாளில் அவர் ஓக்லஹோமா போய் லாங்ஸ்டன் ஊரை உருவாக்கினார், அங்கே ரயிலில் இனவாரியாகப் பெட்டி பிரிக்கும் சட்டம் வந்தபோது அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1914இல் வழக்கு தோற்றது. 1920இல் சிகாகோவில் வறுமையில் இறந்தார். அவரைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம்.

ரயிலுக்கு வருகிறேன். அந்தச் சமவெளியில் ரயில் வந்தால் ஊர், வராவிட்டால் வயல். கோதுமையை 50 கிலோமீட்டர் வண்டியில் இழுத்துப் போய் விற்று யாரும் பிழைக்க முடியாது. மிசௌரி பசிபிக் கம்பெனி இந்த வழியாகப் பாதை போடலாம் என்று பேச்சு வந்ததும், 1887இல் ஊர்மக்கள் வாக்களித்து 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் தர முன்வந்தார்கள். குழிவீட்டில் வாழ்க்கை தொடங்கியவர்கள் பத்து வருடத்தில் பதினாறாயிரம் டாலருக்குப் பொறுப்பேற்கத் துணிந்தார்கள். மிசௌரி பசிபிக் வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் வந்தது, ஆனால் ஆற்றுக்குத் தென்பக்கம், தென்மேற்கே சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி. பாதை போட்டவர்கள் கூடாரம் அடித்த இடம் போக் என்ற ஊரானது.

கடைக்காரர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். சிலர் மரக் கட்டடத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதே வருடம் பத்திரிகையும் நின்றது.

போக் இன்றும் இருக்கிறது, நூற்றைம்பது பேர் அளவில். அதற்கு நகர அந்தஸ்து உண்டு. நிக்கோடெமஸுக்கு இல்லை.

#11 வரைபடப்பித்தன்

இந்த இடத்தில் நான் நுழைகிறேன், இது என் வேலை சம்பந்தப்பட்ட விஷயம், கவுன்ட்டி வரைபடங்களோடுதான் தினமும் குப்பை கொட்டுகிறேன்.

சாலைக்கதிர் வரைபடத்தில் பார்த்த 'அன்இன்கார்ப்பரேட்டட்' என்பதற்கு ஊர் அழிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அந்த ஊருக்கென்று தனியாக மேயர், மன்றம், நகர வரி, காவல் எதுவும் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். சட்டத்தின் கண்ணில் அது கவுன்ட்டிக்குள் இருக்கிற ஒரு இடம். சட்டம் ஒழுங்குக்கு ஷெரிஃப், சாலைக்குக் கவுன்ட்டியும் டவுன்ஷிப்பும். டவுன்ஷிப் என்பது பழைய நில அளவைக் காலத்துப் பிரிவு, அளவைக் கணக்கில் பக்கத்துக்கு ஆறு மைல், 36 சதுர மைல். கன்சாஸில் டவுன்ஷிப்புக்கு நிர்வாகமும் உண்டு. மேகலை அக்கா சொன்ன 16,000 டாலர் பத்திரத்துக்கு வாக்களித்ததும் நிக்கோடெமஸ் டவுன்ஷிப்தான், நகரம் என்று ஒன்று சட்டப்படி இல்லையே. சாலைக்கதிர் தொட்டுப் பார்த்த அந்தக் கல் கட்டடமும் டவுன்ஷிப் மண்டபம். 1930களின் பெரும் பொருளாதார மந்த காலத்தில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுத்த அரசுத் திட்டத்தில் 1939இல் கட்டியது.

இதனால் என்ன ஆகிறது என்றால், கணக்கெடுப்பில் ஊருக்கு எல்லை எது என்பதே தெளிவில்லாமல் போகிறது. 2020 கணக்கில் வருகிற 14ஐ மட்டும் வைத்து ஊரின் அளவைச் சொல்வது பொருத்தமில்லை என்பது என் கருத்து, சுற்றிப் பண்ணைகளில் இருக்கிறவர்களும் தங்களை நிக்கோடெமஸ்காரர்கள் என்றுதானே சொல்லிக்கொள்வார்கள்.

#12 குயில்தோப்பு

மனதில் பட்டதைச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினான்கு பேரோ நாற்பது பேரோ, தபால் நிலையம் இல்லை, பள்ளி இல்லை, கடை இல்லை. மரியாதையோடு ஒரு நினைவிடம் என்று சொல்லலாம். ஊர் என்று சொல்ல முடியுமா? பிள்ளைகள் பிறந்து வளர்ந்து அங்கேயே பிழைக்க வழியிருந்தால்தானே ஊர்?

#13 நெல்மணி

குயில்தோப்பு, பிழைக்க வழி தானாகப் போகவில்லை என்பதைப் பார்க்க வேண்டும்.

ரயில் போன பிறகும் விவசாயிகள் போகவில்லை, அக்கா சொன்னதிலிருந்தே தெரிகிறது, போனது கடைகள்தான். நிலம் இருக்கிறவன் நிலத்தை விட்டுப் போக மாட்டான். அதற்குப் பிறகு 1930களில் மழை பொய்த்து மண்ணே பறந்தது, அதில் நிறையப் பேர் கிளம்பினார்கள். 1953இல் தபால் நிலையத்தை மூடினார்கள், பள்ளியும் பின்னாலேயே போனது.

ஆனால் கறுப்பின விவசாயிகளுக்கு வானம் மட்டும் எதிரியாக இருக்கவில்லை. 1920இல் அமெரிக்கா முழுவதும் கறுப்பின விவசாயிகள் ஒன்பது லட்சத்துக்கு மேல், இன்று ஐம்பதாயிரத்துக்கும் கீழே. விதைப்புக்குக் கடன் கேட்டுப் போனால் அறுவடை நேரத்தில் கடன் கொடுப்பது, பக்கத்து நிலத்து வெள்ளைக்காரருக்குக் கொடுத்ததில் பாதி கொடுப்பது, விண்ணப்பத்தை மேசையிலேயே கிடப்பில் போடுவது, இதெல்லாம் நாடு முழுக்க நடந்தது. பருவம் தப்பி வருகிற கடனால் பிரயோசனம் இல்லை என்பது விவசாயிக்குத்தான் தெரியும். இதை எதிர்த்து மத்திய வேளாண் துறை மீது கறுப்பின விவசாயிகள் போட்ட பிக்ஃபோர்ட் வழக்கில் 1999இல் சமரசத் தீர்வு வந்தது, நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு போனது. அதற்குள் எத்தனையோ பேரின் நிலம் கைமாறிவிட்டது. போன நிலம் பணத்தால் திரும்பாது.

எனவே 'பிழைக்க வழியில்லை' என்பதை விதி மாதிரிச் சொல்லாதீர்கள். ரயில் பாதையை எங்கே போடுவது, கடனை யாருக்குக் கொடுப்பது, இரண்டையும் முடிவு செய்தது ஆட்கள்.

#14 மேகலை_கன்சாஸ்

நெல்மணி சொன்னதற்கு மேல் நான் சேர்ப்பதற்கு ஒன்று மட்டும் உண்டு, அது குயில்தோப்பு கேட்டதற்கு என் பதில்.

2016 ஜூலை கடைசியில் நான் அங்கே போயிருந்தேன். ஒவ்வொரு வருடமும் ஜூலை கடைசி வாரக் கடைசியில் ஊர்கூடல் நடக்கும். ஹோம்கமிங் என்பார்கள். குடியேறிய மறுவருடமே தொடங்கிய கொண்டாட்டத்தின் தொடர்ச்சி அது. பிரிட்டனின் மேற்கிந்தியத் தீவுகளில் 1834 ஆகஸ்ட் 1 அன்று அடிமை முறை ஒழிந்ததைத்தான் முதலில் கொண்டாடினார்கள், விடுதலை விழா என்று. அப்புறம் அதுவே வெளியூர் போனவர்கள் திரும்பி வருகிற நாளாக மாறியது.

முதல் முறை போனபோது நானும் குயில்தோப்பு மாதிரிதான் நினைத்துக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்தால் கார் நிறுத்த இடம் இல்லை. டென்வர், டொபீகா, கலிஃபோர்னியா நம்பர் பலகைகள். ஒவ்வொரு குடும்பமும் குடும்பப் பெயர் அச்சடித்த ஒரே நிற டிசட்டை. மண்டப வாசலில் என் பக்கத்தில் ஒரு பாட்டி, எண்பதைத் தாண்டியிருப்பார், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு பையனைக் கூட்டி வந்து முன்னால் நிறுத்தினார்கள், பத்து வயதிருக்கும், அன்றுதான் முதல் தடவை வருகிறானாம். பாட்டி அவன் மோவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நீ இன்னாருடைய கொள்ளுப்பேரன்தானே, காது அப்படியே இருக்கிறது என்றார். பையன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பாட்டி விடவில்லை, அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு மெதுவாக நடந்து போய், இந்த இடத்தில்தான் உங்கள் வீடு இருந்தது என்று ஒரு புல்தரையைக் காட்டினார். அங்கே எதுவும் இல்லை. பையன் ரொம்ப நேரம் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஊரா நினைவிடமா என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் விவாதித்ததில்லை.

இந்த வழித்தோன்றல்கள்தான் 1988இல் வரலாற்றுச் சங்கம் வைத்து, பாட்டிமார் சொன்னதையெல்லாம் பதிவு செய்து, அரசோடு மல்லுக்கட்டினார்கள். 1976இலேயே தேசிய அடையாளச் சின்னம் என்று அறிவிப்பு வந்திருந்தது, ஆனால் பராமரிக்க ஆளும் காசும் 1996 நவம்பரில் தேசியப் பூங்காத் துறை பொறுப்பேற்ற பிறகுதான் வந்தது. அங்கே ஐந்து கட்டடம்தான் பாதுகாப்பில் இருப்பவை: 1885இன் ஏ.எம்.ஈ. (ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எபிஸ்கோப்பல்) தேவாலயம், 1907இன் பாப்டிஸ்ட் தேவாலயம், 1918இன் பள்ளி, 1939இன் மண்டபம், அப்புறம் பார்வைக்குச் சாதாரண வீடு மாதிரி இருக்கும் செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டல். அதைப் பல பேர் கவனிக்காமல் வந்துவிடுவார்கள்.

#15 குயில்தோப்பு

மேகலை அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நான் கேட்ட விதம் அவசரப்பட்டது. எனக்கு இப்போது இன்னொரு சந்தேகம்: சொந்த ஊர்க்காரர் யாராவது விவசாயத்தைத் தொடர்ந்து வைத்திருக்கிறார்களா?

#16 நெல்மணி

மிகச் சில குடும்பங்கள். ஊரில் பிறந்த வெரில் ஸ்விட்சர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அமெரிக்கக் கால்பந்து பிடிக்கிறவர்களுக்குத் தெரியும். 1932இல் பிறந்தவர், கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு ஆடி, 1954இல் தொழில்முறை அணிகள் புது வீரர்களைப் பிரித்துக்கொண்ட தேர்வில் கிரீன் பே பேக்கர்ஸ் அணி நாலாவது ஆளாக எடுத்தது. பிறகு அதே பல்கலைக்கழகத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருந்தார். அவ்வளவு தூரம் போன மனிதர் குடும்ப நிலத்தை விற்கவில்லை, அதில் கோதுமை விளைய வைத்தார். 2022இல் காலமானார். மேகலை அக்கா ஊர்தானே அந்தப் பல்கலைக்கழகம்.

#17 மேகலை_கன்சாஸ்

ஆமாம், இங்கே மன்ஹாட்டனில் அவர் பெயர் தெரியாதவர் கிடையாது.

#18 சாலைக்கதிர்

எல்லோருக்கும் நன்றி. ஒரு பலகையைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஹோட்டல் கட்டடத்தை நானும் கவனிக்காமல்தான் வந்திருக்கிறேன், எடுத்த படங்களில் தேடினேன், ஒரு ஓரத்தில் பாதி தெரிகிறது.

இந்த மாதக் கடைசியில் ஊர்கூடலுக்குப் போகலாம் என்று வீட்டில் பேசிவிட்டேன், பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிப் போகிறேன். வெளியாட்கள் வரலாமா, எங்கே தங்குவது?

#19 மேகலை_கன்சாஸ்

தாராளமாக வரலாம் தம்பி, யாரையும் வேற்று ஆளாகப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அது அவர்கள் குடும்பம் கூடுகிற நாள், படம் எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ஊர்வலம், ஞாயிறு காலை ஆராதனை, ஆராதனைக்கு இருந்துவிட்டுக் கிளம்புங்கள். ஊரில் தங்க இடம் இல்லை, ஹில் சிட்டியிலோ ஸ்டாக்டனிலோ முன்கூட்டியே அறை போட்டுவிடுங்கள். அங்கேயே பெட்ரோலும் நிரப்பிக்கொள்ளுங்கள். தண்ணீர், தொப்பி இரண்டும் பிள்ளைகளுக்குக் கட்டாயம், நிழலுக்கு ஒதுங்க அதிகம் மரம் கிடையாது. முடிந்தால் எல்லிஸ் வழியாக வாருங்கள், வடக்கே திரும்பியதும் கார் ஏசியை அணைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், இந்தத் தூரத்தைத்தான் அவர்கள் இரண்டு நாளில் கடந்தார்கள் என்று. நானும் இந்த வருடம் வருகிறேன், மண்டப வாசலில் இருப்பேன்.